டப்பாவைத் திருப்பிப் பாருங்க

(வாசகர் கேள்வி – பதில் பகுதி. பதில் சொல்பவர் சோப்பு, க்ரீம் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேதியியலராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "எந்தக் கம்பெனி க்ரீம் நல்லது?" என்ற ஒரே கேள்விதான். கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன். நான் சொன்ன அடுத்த மாதமே அவர்கள் ஃபார்முலாவை மாற்றுவார்கள், திட்டு எனக்கு விழும். எதைப் பார்த்து வாங்குவது என்று மட்டும் சொல்கிறேன். இன்னொரு விஷயம், நான் டாக்டர் இல்லை. முகம் வீங்கி, எரிந்து, திட்டு விழுந்து இருப்பவர்கள் எனக்கு எழுதிவிட்டுப் பத்திரிகை வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள்.

விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் இன்ஸ்டாகிராமில் ஒரு வெளுப்பு க்ரீம் வாங்கிப் பூசுகிறாள். வெளிநாட்டு டப்பா, அதில் இருப்பது என்ன மொழி என்றே தெரியவில்லை. மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. இப்போது அறைத் தோழிகள் எல்லோரும் அதையே பூசுகிறார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால், "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்கிறாள்.
– வாசகி, தென்காசி

உங்களுக்குத் தெரிந்த அளவே போதும் அம்மா. பயம் நியாயமானது.

மூன்று வாரத்தில் நிறம் மாறுகிறது என்றால் அந்த டப்பாவில் மூன்று பொருள்களில் ஒன்று இருக்கும் என்றுதான் நான் சந்தேகப்படுவேன்: பாதரசம், ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன். சில சமயம் ஒன்றுக்கு மேலும் இருக்கும். பின்னது இரண்டும் டாக்டர் சீட்டில் எழுதித் தர வேண்டிய மருந்துகள். பாதரசத்துக்கு முகத்தில் வேலையே கிடையாது.

பாதரச க்ரீம் ஏமாற்று வேலை என்று மகளிடம் சொல்லாதீர்கள், அவள் நம்ப மாட்டாள். வெளுப்பு நிஜம். தோலில் கறுப்பு நிறமியை உண்டாக்கும் நொதியைப் பாதரச உப்பு முடக்கிவிடுகிறது, அதனால் தோல் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது.

உங்கள் ஊரிலிருந்து மலை தாண்டினால் கேரளம். அங்கே மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அவர்களிடம் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற நோயோடு 22 பேர் வந்திருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகி, காலும் முகமும் வீங்குகிற நோய் அது. அந்த 22 பேரில் 15 பேருக்கு இருந்தது வழக்கமாக அதிகம் பார்க்காத ஒரு வகை. என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள் என்று தோண்டித் துருவியதில், 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிட்டது என்பதுதான் இதில் ஆறுதல். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனைக்குப் போனது.

நம் நாட்டு காஸ்மெடிக்ஸ் விதிகள் 2020-ன்படி, முகத்துக்கான க்ரீமில் பாதரசம் தவறிப்போய்க் கலந்திருந்தால்கூட 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. வேண்டுமென்றே சேர்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கான பங்கு சேர்க்கிறார்கள்.

மகளின் டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு முறையாக வந்திருந்தால், இந்தியாவில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். உள்நாட்டுச் சரக்கென்றால் தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான சரக்குக்குத் தரும் எண்). இவை இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராயவே வேண்டாம். பொருள் பட்டியலில் 'கலோமெல்', 'மெர்க்குரி', 'ஹைட்ரார்ஜிரம்', 'சின்னபார்' என்று எந்தப் பெயர் இருந்தாலும் பாதரசம்தான். இன்னொரு தடயமும் உண்டு. சில டப்பாக்களில், "தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருப்பார்கள். பாதரசம் பட்டால் தங்க நகை வெளுத்துவிடும். நகைக்கு ஆகாததை முகத்துக்கு விற்கிறார்கள்!

மகளிடம் நிறத்தைப் பற்றி உபதேசம் ஆரம்பிக்காதீர்கள். "ஒரே ஒரு தடவை யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்மா" என்று கேளுங்கள். புரதம் போகிறதா என்று பார்க்கச் சாதாரண லேப் போதும், செலவும் குறைவு. தோழிகளையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். டப்பாவை மூடிப் பாலித்தீன் உறையில் கட்டி வையுங்கள், கழுவும் தொட்டியில் கொட்ட வேண்டாம். துண்டு, தலையணை உறை வழியாகவும் பாதரசம் அடுத்தவர் மேல் ஏறும், அவற்றை மாற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது ஸ்டீராய்டாக இருந்தால், நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரிய ஆரம்பிக்கும். "பார்த்தியா, க்ரீமை நிறுத்தினதாலதான்!" என்று அவள் திரும்பவும் பூசத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். அதற்கு முன்பே தோல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் பருவுக்கு என்று கேட்டால் ஒரு டியூப் தருகிறார்கள். விலை குறைவு, நன்றாகவும் கேட்கிறது. தொடரலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

அட்டையில் க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள் தம்பி. இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018-லேயே அரசாங்கம் இப்படிப்பட்ட 14 பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. கடைக்காரருக்கு அது தெரியும். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, பரு முன்னைவிட மோசமாக வரும். இப்படிக் கெட்டுப்போன முகத்துக்குத் தோல் டாக்டர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கெமிக்கல் இல்லாத க்ரீம் மட்டும்தான் வாங்குகிறேன். பாரபென் இல்லை, சல்ஃபேட் இல்லை, சிலிக்கோன் இல்லை என்று போட்டிருந்தால்தான் எடுப்பேன். விலை நாலு மடங்கு. ஆனாலும் கழுத்திலும் இமை ஓரத்திலும் அரிப்பு வருகிறது. இது எப்படி?
– வாசகி, வங்கி ஊழியர், கோவை

'இல்லை, இல்லை' என்ற வரிசை நீளமாக இருந்தால் எனக்கு ஒரு கேள்விதான் வரும்: அப்படியானால் என்னதான் போட்டீர்கள்?

தண்ணீர் கலந்த எந்த க்ரீமிலும் கிருமி வளரும். அதைத் தடுக்க ப்ரிசர்வேட்டிவ் ஒன்று வேண்டும். ஆலையில் ஒவ்வொரு பேட்ச்சையும் தட்டில் தடவி எண்ணிப் பார்ப்போம். 1 கிராமில் 1000 கிருமிக் கூட்டங்களுக்கு மேல் போகக் கூடாது. கண்ணைச் சுற்றிப் பூசுவது, 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கானது என்றால் 100. ப்ரிசர்வேட்டிவ் போடாமல் வைத்த மாதிரியில் பூஞ்சணம் ஏறுவதைப் பார்த்தவர்கள், 'எதுவும் சேர்க்காத க்ரீம்' என்ற சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் நிற்பார்கள். எண்ணெய், லிப் பாம், பவுடர் மாதிரி தண்ணீரே இல்லாத பொருளுக்கு இது தேவையில்லை, அது வேறு கதை.

பாரபென் என்பதும் ஒரு ப்ரிசர்வேட்டிவ்தான். அதன் மேல் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2004-ல் இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 மார்பகக் கட்டிகளின் மாதிரியில் பாரபென் இருப்பதாக எழுதினார்கள். கட்டி இல்லாத திசுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பாரபென்தான் கட்டியை உண்டாக்கியது என்று அந்த ஆய்வு காட்டவும் இல்லை. ஆனால் செய்தி பரவிவிட்டது. கம்பெனிகள் அவசர அவசரமாகப் பாரபெனை எடுத்தார்கள். அந்த இடத்துக்குப் பல பேர் கொண்டுவந்தது மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற இன்னொரு ப்ரிசர்வேட்டிவ். அப்புறம் ஐரோப்பாவில் தோல் டாக்டர்களின் வாசலில் கூட்டம், எல்லோருக்கும் அரிப்பும் தடிப்பும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 2013-ல் அதற்கு 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டம் கொடுத்தது. பூசிவிட்டுக் கழுவாமல் விடும் க்ரீம்களில் அதைப் போடவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017-ல் தடை வந்தது. 2019-ல் அதே அமெரிக்கச் சங்கம் யாருக்குப் பட்டம் கொடுத்தது தெரியுமா? பாரபெனுக்கு. 'ஒவ்வாமை தராத பொருள்' என்று!

பாரபென் எல்லாமே பத்தரை மாற்றுத் தங்கம் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் 2014-ல் ஐந்து வகைப் பாரபென்களைத் தடை செய்தார்கள், புரொப்பைல், பியூட்டைல் வகைகளின் அளவைக் குறைத்தார்கள். மெத்தில் பாரபென் அனுமதித்த அளவில் இருந்தால் நான் தயங்காமல் பூசுவேன்.

இனி உங்கள் அரிப்பு. பட்டியலில் 'ஃப்ராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல் இருக்கிறதா? அதற்குள் டஜன் கணக்கில் பொருள்கள் ஒளிந்திருக்கலாம். 'நேச்சுரல்' என்று விற்கும் க்ரீம்களில் லாவெண்டர், டீ ட்ரீ, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் என்று சேர்ப்பார்கள். அவற்றில் உள்ள லிமோனின், லினலூல் இரண்டும் காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறும். செடியிலிருந்து வந்தது என்பதற்காகத் தோல் சலுகை தராது.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று. நெயில் பாலிஷ் போடுகிறீர்களா? நகப்பூச்சு ஒத்துக்கொள்ளாதபோது விரல் சும்மா இருக்கும், அரிப்பு இமையிலும் கழுத்திலும்தான் வரும். நாள் முழுக்க நாம் அங்கேதானே தொட்டுக்கொண்டிருக்கிறோம்! நீங்கள் எழுதிய இரண்டு இடமும் அவைதான். சில வாரம் பாலிஷை நிறுத்திப் பாருங்கள். புது க்ரீம் எதுவானாலும் முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். அப்படியும் தீராவிட்டால் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) இருக்கிறது, எது ஆகாது என்று பெயரோடு தெரிந்துவிடும்.

நாலு மடங்கு விலை கொடுக்கிறீர்கள் என்பதால் எங்கள் தொழில் ரகசியம் ஒன்றும் சொல்கிறேன். பொருள் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும். 1 சதவீதமும் அதற்குக் கீழேயும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபினாக்ஸிஎத்தனால் என்ற ப்ரிசர்வேட்டிவை 1 சதவீதத்துக்கு மேல் போட மாட்டார்கள். ஆகவே அதற்குப் பிறகு வருவதெல்லாம் துளித் துளிதான். அட்டை முகப்பில் பெரிதாகக் குங்குமப்பூ படம் போட்டிருந்தால், பின்னால் குங்குமப்பூ அந்தப் பெயருக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பின்னால்தான்.

சோப்பில் டி.எஃப்.எம். 76 என்று இருந்தால்தான் நல்ல சோப்பு என்கிறார்களே?
– வாசகர், விருதுநகர்

டி.எஃப்.எம். என்பது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. குளியல் சோப்புக்கான இந்தியத் தரத்தில் 76 சதவீதமும் மேலும் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். அதற்கும் கீழே 40 வரை 'பேத்திங் பார்' என்று போட்டு விற்பார்கள், விளம்பரத்தில் அதையும் சோப்பு என்றே காட்டுவார்கள். டி.எஃப்.எம். கூடினால் சோப்பு சீக்கிரம் கரையாது, மாவு நிரப்பும் சமாச்சாரம் குறைவு. காசுக்கு மதிப்பு.

ஆனால் மென்மை என்பது வேறு. 76 சதவீத சோப்பும் காரம்தான். காரம், அமிலத்தை அளக்கும் பி.ஹெச். எண் அதில் 9, 10 என்று இருக்கும். நம் தோல் 5-ஐ ஒட்டி. வறண்ட தோல், கரப்பான் உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் 'சின்டெட்' கட்டிகளில் டி.எஃப்.எம். கணக்கே வராது, ஏனென்றால் அது சோப்பே இல்லை.

வீட்டிலேயே மூலிகை சோப்பு செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். தேங்காய் எண்ணெய், ஆவாரம்பூ, பப்பாளி, குப்பைமேனி எல்லாம் நிஜமாகவே சேர்க்கிறேன். கெமிக்கல் எதுவும் இல்லை. இப்போது நல்லெண்ணெயில் செய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். 'கெமிக்கல் எதுவும் இல்லை' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டி சோப்பு இல்லை.

எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் அளவும் மாற வேண்டும். 1 கிலோ தேங்காய் எண்ணெய் சுமார் 183 கிராம் காஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும். நல்லெண்ணெய் சுமார் 134 கிராம்தான் பிடிக்கும். பழைய கணக்கிலேயே நல்லெண்ணெய் சோப்பு போட்டீர்கள் என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 50 கிராம் காஸ்டிக் யாரோடும் சேராமல் சோப்பிலேயே நிற்கும். வாங்கியவர் தோல் வெந்துவிடும். எப்போதும் கணக்கில் வருவதைவிட 5 சதவீதம் குறைத்தே போடுங்கள், மிஞ்சும் எண்ணெய் தோலுக்கு நல்லது. காஸ்டிக்கைத் தராசில் நிறுக்க வேண்டும், கரண்டிக் கணக்கு ஆகாது. தண்ணீரில் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். வெட்டிய சோப்பை நாலு வாரமாவது காற்றாட வைத்துவிட்டு விற்பனைக்கு எடுங்கள்.

ஆவாரம்பூ, பப்பாளி விஷயத்தில் உங்களுக்கு வருத்தம் தரும் செய்தி. அவ்வளவு காரத்தில் விழுந்த பிறகு அந்தச் சாற்றில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. நிறமும் துணுக்கும் இருக்கும். பச்சைச் சாறு கூடினால் சோப்பு சீக்கிரம் கெடும், அவ்வளவுதான் லாபம். சோப்பும் சட்டப்படி காஸ்மெடிக் கணக்கில்தான் வருகிறது. கையால் செய்கிறோம், வீட்டில் செய்கிறோம் என்று இருந்துவிடாமல், உரிமம் பற்றி உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் எடை, பொருள் பட்டியல், செய்த தேதி, பேட்ச் எண் நான்கையும் இன்றைக்கே ஒட்ட ஆரம்பியுங்கள்.

தலைக்குச் சாயம் போட்ட மறுநாள் நெற்றி, கண் எல்லாம் வீங்கிவிட்டது. நான் வாங்கியது அம்மோனியா இல்லாத மூலிகை மெஹந்தி. மூலிகை எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?
– வாசகர், வயது 54, நாகர்கோவில்

பாக்கெட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எடுத்து 'பாரா ஃபீனிலின் டையமின்' என்ற பெயரைத் தேடுங்கள். பி.பி.டி. என்றும் போட்டிருப்பார்கள்.

மருதாணி கறுப்பு நிறம் தராது. அது தருவது செம்மை மட்டும். இலையை வைத்துக் கறுப்பு வேண்டுமென்றால் மருதாணி போட்டுக் கழுவி, அதன் மேல் அவுரிப் பொடியைக் குழைத்துப் போட்டு மறுபடி காத்திருக்க வேண்டும். அரை நாள் வேலை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கருகருவென்று ஆகிவிட்டதென்றால் வேலை செய்தது பி.பி.டி. அம்மோனியா இல்லை என்பது நிஜமாகவே இருக்கலாம். வீங்க வைத்தது அம்மோனியா இல்லையே!

சாயப் பாக்கெட்டுக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார்கள். காதுக்குப் பின்னால் அல்லது முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசி, 24 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போடவே கூடாது, பார்வை போகலாம் என்று அதில் இருக்கும். சட்டம் சொல்லி வைத்த காகிதம் அது. பல பேருக்கு ஒவ்வாமை இரண்டாம் நாள்தான் தெரியும் என்பதால் நான் 48 மணி நேரம் சொல்வேன். 'போன தடவை ஒன்றும் ஆகவில்லையே' என்பது செல்லாது. பத்து வருஷம் போட்டவருக்கும் பதினோராவது வருஷம் வரும்.

உங்களுக்கு ஒருமுறை வந்துவிட்டது. இனி பி.பி.டி. உள்ள எதுவும் வேண்டாம், கம்பெனி மாற்றிப் பார்க்கிறேன் என்று இறங்கவும் வேண்டாம். அடுத்த தடவை மூச்சுத் திணறல் வரை போகலாம். நரையோடு இருப்பதில் ஒரு குறையும் இல்லை என்பது என் கட்சி. வேண்டுமென்றால் மருதாணி, அவுரி இரண்டையும் தனித்தனிப் பாக்கெட்டில், வேறெதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாகிவிட்டது. மாமியார் குங்குமம் வைக்கச் சொல்கிறார். குங்குமம் பாதுகாப்பானதுதானே?
– வாசகி, கும்பகோணம்

பொட்டை இன்றைக்கே நிறுத்துங்கள். அதன் பசையில் இருக்கக்கூடிய பாரா டெர்ஷரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் நிறமி செல்களையே கொன்றுவிடும். சீக்கிரம் நிறுத்தி வைத்தியம் பார்த்தால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. இது மற்ற இடங்களுக்குப் பரவும் வெண்புள்ளி நோயா, பசையால் வந்ததா என்று தோல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

மாமியார் காலத்துக் குங்குமம் மஞ்சள் கிழங்கை வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறோடு சேர்த்துச் சிவக்க வைத்தது. நிறம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். இன்று கோயில் வாசலில் குவித்து வைத்திருக்கும் கண்ணைப் பறிக்கும் சிவப்பு பெரும்பாலும் சாயம், அதனால் நெற்றி கறுத்துப்போனவர்கள் நிறைய. திட்டு ஆறும்வரை நெற்றியை வெறுமையாக விடுங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கோபம் என் மேல் இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு முன் பார்லரில் முடியை நேராக்கப் போகிறேன். 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று போர்டே வைத்திருக்கிறார்கள்.
– வாசகி, சேலம்

அதற்குப் பதிலாக க்ளையாக்ஸிலிக் ஆசிட் போடுகிறார்களா என்று கேளுங்கள். 2024-ல் பிரான்ஸ் டாக்டர்கள் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். பார்லரில் முடியை நேராக்கிய மூன்று தடவையும் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது, தலையில் எரிச்சலும் வந்திருக்கிறது. க்ரீமில் இருந்தது 10 சதவீதம் க்ளையாக்ஸிலிக் ஆசிட். அது தோல் வழியாக உள்ளே போய் ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாக உட்கார்ந்துவிடுகிறது. இஸ்ரேலிலும் இப்படிப் பல பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

பார்லரில் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். வேறு பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கல்யாணத்துக்குச் சுருட்டை முடியில் மல்லிகை நன்றாகவே நிற்கும்.

குழந்தைக்குக் குளித்ததும் பவுடர் போடாவிட்டால் வீட்டில் பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். போடலாமா?
– வாசகி, திருச்சி

வேண்டாம். பவுடரில் இருக்கும் டால்க் என்ற கனிமத்தை வெட்டும் சுரங்கத்தில் புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸும் பக்கத்திலேயே கிடக்கும், அதனால் கலப்பு பற்றிய சந்தேகம் பல காலமாக உண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023-ல் டால்க் பேபி பவுடரை உலகம் முழுக்க நிறுத்திவிட்டுச் சோள மாவுக்கு மாறியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-ல் டால்க்கைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில், 2ஏ பிரிவில் வைத்தது.

இதெல்லாம் போகட்டும். எந்தப் பவுடரானாலும் குழந்தை மூச்சில் போகும், முதல் ஆபத்து அதுதான். மடிப்புகளை மெல்லிய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். பெரியவர்களுக்குக் கண் திருஷ்டிதான் கவலை என்றால் உள்ளங்காலில் மை வைத்துக்கொள்ளட்டும், கண்ணுக்குள் மட்டும் விரல் போக வேண்டாம்.

எலுமிச்சம் பழத்தை முகத்தில் தேய்த்தால் கரும்புள்ளி போகுமா? அது இயற்கைதானே?
– வாசகி, தேனி

தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்து, முன்னைவிடக் கறுப்பாகத் திட்டு விழும். எலுமிச்சையில் உள்ள சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்தால் அப்படித்தான் செய்யும். ரசத்தில் பிழிந்துகொள்ளுங்கள். கரும்புள்ளிக்குக் காசு செலவழிக்க வேண்டுமென்றால் எஸ்.பி.எஃப். 30, பி.ஏ.+++ போட்ட சன்ஸ்க்ரீனுக்குச் செலவழியுங்கள். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், பட்டாணி அளவு போதாது. 50, 70 என்று எண் கூடுவதில் பெரிய லாபம் இல்லை: தோலைச் சுடும் வெயில் கதிரில் 30 தடுப்பது சுமார் 97 சதவீதம், 50 தடுப்பது 98.

ஒரு க்ரீம் பூசி முகம் புண்ணாகிவிட்டது. கடைக்காரர் கையை விரிக்கிறார். யாரிடம் சொல்வது?
– வாசகி, காஞ்சிபுரம்

இதைக் கேட்பவர்களில் பலர் டப்பாவைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். எறியாதீர்கள். மிச்சமுள்ள க்ரீமோடு மூடி வையுங்கள். பேட்ச் எண், உரிம எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், முகத்தையும் தேதியோடு எடுத்து வையுங்கள். பில் இருந்தால் நல்லது, ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் விவரம் போதும். டாக்டர் சீட்டின் நகலையும் சேர்த்து உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநரகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, அங்கேயும் அனுப்பலாம். பேட்ச் எண் இருந்தால்தான் அதே பேட்ச் டப்பாவைக் கடையில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப அவர்களால் முடியும். எண்ணே இல்லாத டப்பா என்றால் அதையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள், அதை விற்றதே குற்றம்.